எண்ணைக் காட்டாத விளம்பரம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை விற்பதற்காக இணையச் சந்தைகளில் வெளியாகும் விளம்பரங்களை ஆவலோடு படிப்பவர் எவரும், அவற்றில் வர்ணிக்கப்படும் காரும் படத்தில் நிற்கும் காரும் பலமுறை வேறு வேறாக இருப்பதை நாளடைவில் உணர்ந்துகொள்வர். இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை வஞ்சகத்தால் விளைகின்றன என்று நான் கருதவில்லை. ஒருவர் தாம் வாங்கும்போது கேட்டதைத் தம்மிடம் வாங்குபவருக்குச் சொல்லி, அவரும் அதையே மெய்யென்று நம்பி அடுத்தவருக்குச் சொல்லி, இப்படி நான்கு கை மாறுவதற்குள் செவிவழிச் செய்தி ஒன்று சரித்திரமாக ஸ்திரப்பட்டுவிடுகிறது. ஆகவே விற்பவர் நல்லவரா பொல்லாதவரா என்று ஆராய்வதில் பயனில்லை; தொழிற்சாலை அந்த வண்டியின் மீது பொறித்த எண்ணை விளம்பரத்திலேயே காட்டும்படி கட்டாயப்படுத்துவதுதான் தகுந்த பரிகாரம் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவின் ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். 1964 ஏப்ரல் 17 அன்று விற்பனைக்கு வந்த அந்தக் காரின் ஆரம்பகால வண்டிகளை ‘1964 மாடல்’ என்று எழுதுவது விளம்பரங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் ஃபோர்டு நிறுவனம் அவை எல்லாவற்றையும் 1965 மாடலாகவே கணக்கில் வைத்தது என்பதற்கு, அவற்றின் எண் 5 என்ற இலக்கத்தில் தொடங்குவதே சாட்சியம். ஆல்ட்டர்னேட்டர் வருவதற்கு முன் டைனமோவோடு வெளிவந்த அந்த முதல் வண்டிகளைத் தனியே பிரித்துச் சொல்ல ரசிகர்கள் விரும்புவது இயல்பே. இதனால் யாருக்கும் பெருநஷ்டம் நேர்வதில்லை. நஷ்டம் ஐந்தாவது இடத்தில் இருக்கும் எழுத்தில் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணில் முதல் இலக்கம் ஆண்டையும், அடுத்த எழுத்து கார் உருவான தொழிற்சாலையையும், அதை அடுத்த இரண்டு இலக்கங்கள் உடலின் வடிவத்தையும் குறிக்க, ஐந்தாவது எழுத்தே என்ஜின் இன்னதென்று அறிவிக்கிறது. அங்கே கே என்ற எழுத்து நின்றால் 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திறன் என்ஜின். சி என்று நின்றால் அதே 289 கன அங்குல அளவுடைய சாதாரண என்ஜின். டி (T) என்று நின்றால் ஆறு சிலிண்டர் என்ஜின். மட்கார்டின் மேல் ஒட்டும் உயர்திறன் சின்னத்தைக் கடையில் எவரும் வாங்கிவிடலாம். ஆகவே அந்தச் சின்னத்துக்கு நேர்விரோதமாக எண் சாட்சி சொல்லும் வண்டிகள் சந்தையில் உலவுவதில் ஆச்சரியமில்லை.

கரோல் ஷெல்பியின் கலிபோர்னியப் பட்டறையில் உருவான ஜி.டி.350 என்ற காரின் பெயர் சம்பந்தப்படும்போது இந்த விவகாரம் இன்னும் கடுமையாகிறது. 1965-ஆம் ஆண்டில் செய்யப்பட்டவை 562 வண்டிகளே. அவை யாவும் பின்புறம் சரிந்த கூரையுடைய, அதாவது 09 என்ற வடிவ இலக்கமுடைய, கே என்ஜின் மஸ்டாங்குகளிலிருந்தே உருவானவை. வெள்ளை வர்ணமும் நீலப் பட்டைகளும் தீட்டி அதன் தோற்றத்தை எந்த மஸ்டாங்குக்கும் வரவழைத்துவிடலாம். ஆயினும் 09, கே என்ற இரண்டும் சேராத எண்ணோடு தொழிற்சாலையை விட்டு வெளிவந்த வண்டி அந்தப் பட்டத்துக்கு எக்காலத்திலும் உரிமை கோர முடியாது. எண் கிடைக்காத நிலையில்கூட, படத்தைக் கூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு லட்சணம் கைகொடுக்கும்: அந்த ஆண்டுகளின் ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்குச் சக்கரத்தில் நான்கு நட்டுகள்தாம் உண்டு, எட்டு சிலிண்டர் வண்டிக்கு ஐந்து. எட்டு சிலிண்டர் என்று உரக்கச் சொல்லும் விளம்பரத்தில் சக்கரத்துக்கு நான்கு நட்டுகள் தெரிந்தால், என்ஜின் பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று ஊகிக்கலாம். ஐந்து நட்டுகள் தெரிவதனால் மட்டும் எதுவும் நிரூபணமாகிவிடாது. அவற்றையும் மாற்றுவோர் உண்டு.

இதில் ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. விற்பவர்கள் எண் கேட்கப்படும்போது ஓட்டுநர் பக்கத்துக் கதவில் இருக்கும் தகட்டைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். விபத்துக்குப் பின் வேறொரு காரின் கதவைக் கொண்டுவந்து பொருத்துவது டிங்கரிங் பட்டறைகளில் சர்வசாதாரணம். அந்தக் கதவோடு அதன் தகடும் சேர்ந்தே வந்துவிடும். போனட்டைத் திறந்தால் மட்கார்டின் உட்புற இரும்பில் நேரடியாகப் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணே பிரதானமானது, அதைத்தான் கேட்க வேண்டும்.

எண்ணே சர்வமும் அறியும் என்றும் நான் வாதிக்கவில்லை. பான்டியாக் ஜி.டி.ஓ. 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தனி மாடலாக இல்லாமல், லெ மான்ஸ் காருக்குக் கூடுதல் விலை கொடுத்துப் பெறும் ஒரு விசேஷத் தொகுதியாகவே விற்கப்பட்டது. அதனால் அவ்விரு ஆண்டு வண்டிகளின் எண் ஜி.டி.ஓ. என்று சொல்லாது. 1966-இலிருந்துதான் 242 என்ற தொடக்கம் அதைத் தெளிவாக அறிவிக்கிறது. எண் மௌனம் சாதிக்கும் அவ்விரு ஆண்டு வண்டிகளுக்குத் தொழிற்சாலை ஏட்டின் நகலே ஆதாரம். அந்த நகல் பணம் கட்டினால் கிடைக்கக்கூடியதாகையால், வண்டிக்குப் பெருந்தொகை கேட்பவர் அதை வாங்கி இணைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயமாகாது.

முழு வண்டியே வேறொன்றாக இருக்கும் விநோதத்துக்குச் சிறந்த உதாரணம், 1950-களின் தொடக்கத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் கார் எம்.ஜி. டி.டி. ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவான அந்தச் சிறு காருக்கு முன்னால் 1250 கன சென்டிமீட்டர் என்ஜின். மரச்சட்டத்தின் மேல் இரும்புத் தகடு போர்த்திய உடல். அதன் முன்பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 94 அங்குலம். ஜெர்மானிய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கோ 94.5 அங்குலம். தற்செயலாக நேர்ந்த இந்த ஒற்றுமையால், ஒரு பழைய பீட்டிலின் உடலைக் கழற்றி எடுத்துவிட்டு, அதன் அடித்தளத்தை வெட்டாமலே ஃபைபர்கிளாஸில் வார்த்த எம்.ஜி. உருவத்தை அதன் மேல் இருத்திவிட முடிந்தது; அமெரிக்காவில் பல நிறுவனங்கள் அத்தகைய உடல்களை வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் தொகுதிகளாக விற்றன. அவற்றை ஆசையோடு கட்டி முடித்த தந்தையர் இறந்த பின், கார்களைப் பற்றி எதுவும் அறியாத பிள்ளைகள் முன்புறத்தின் அழகை மட்டும் பார்த்து ‘1952 எம்.ஜி.’ என்று மனமறிந்த பொய் ஏதுமின்றி விளம்பரம் செய்துவிடுகிறார்கள். என்ஜின் பின்னால் இருக்கிறது; முன்னால் கம்பீரமாக நிற்கும் ரேடியேட்டரில் ஒரு துளி நீர் கிடையாது; பதிவுப் பத்திரத்தில் ஃபோக்ஸ்வேகன் என்றே எழுதியிருக்கும். இத்தனை இருந்தும், போனட்டைத் திறந்து எடுத்த படம் ஒன்றுகூட விளம்பரத்தில் இல்லாமற்போவதே முதல் எச்சரிக்கை.

1954-இல் வந்த போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் உருவத்தையும் இதே பீட்டில் தளத்தின் மேல் ஏற்றுகிறார்கள்; அங்கே அச்சுத் தூரம் 2,100 மில்லிமீட்டர் மட்டுமே ஆகையால் தளத்தை ஏறக்குறைய ஓர் அடி வெட்டிக் குறைத்தாக வேண்டும், வெட்டி ஒட்டிய வடு அடியில் பார்த்தால் தெரியும். 1973 போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7 என்று சொல்லப்படும் வண்டியின் எண் 911360 என்று தொடங்காவிட்டால், அதன் பின்புறத்து வாத்துவால் வடிவ இறக்கை எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் அது வேறு 911-தான். அதே ஷெல்பியின் கோப்ரா கார் விஷயத்தில் காந்தத்தை ஒட்டிப் பார்க்கும்படி சிலர் உபதேசிக்கிறார்கள்; அசலின் உடல் பெரும்பாலும் அலுமினியம், பிரதியின் உடல் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ், இரண்டிலுமே காந்தம் ஒட்டாது என்பதால் அந்த உபதேசத்தால் பயன் ஒன்றுமில்லை.

பிரதிகளை நான் இகழவில்லை. பிரதி என்று சொல்லி விற்கப்படும் பிரதி, மழையிலும் வெயிலிலும் பயமின்றி ஓட்டத்தக்க நல்ல வாகனம். அதைக் கட்டியவரின் கைத்திறனும் பிரயாசையும் மரியாதைக்கு உரியவை. அந்த மரியாதையைக் கெடுப்பது பொய்ப் பெயரே. ஒரு பிரதி அசலின் பெயரில் இரண்டு முறை விலைபோய்விட்டால், அதைக் கட்டியவரின் உழைப்பு மறக்கப்படுவதோடு, உண்மையான அசலின் பூர்வோத்தரமும் கலங்கிப்போகிறது. பின்னால் வரும் ஆராய்ச்சியாளர் எதை நம்புவது என்று தெரியாமல் தவிக்கிறார்.

விற்றவர் அறியாமல் சொன்னார் என்பது ஏமாந்தவருக்கு ஆறுதலாகாது என்பதை 1967-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 1961 மாடல் ட்ரையம்ப் ஹெரால்ட் என்று ஒருவர் விளம்பரம் செய்த காரை மற்றொருவர் நேரில் பார்த்தே வாங்கினார். பிறகு அதன் பின்பாதி மட்டுமே 1961 வண்டி என்பதும், முன்பாதி அதற்கு முந்திய மாடலிலிருந்து வெட்டி எடுத்துச் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது என்பதும் வெளிப்பட்டன. விற்றவர் வியாபாரியல்லர், அவருக்கும் இது தெரியாது. ஆயினும் வர்ணனையை நம்பி வாங்கியவருக்கே தீர்ப்பு சாதகமாயிற்று. பொருள் வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்ற இதே விதி, நம் நாட்டின் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்திலும் 15-ஆம் பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, விளம்பரம் வெளியிடும் தளங்கள் மட்டும் வர்ணனையைப் பற்றித் தமக்குப் பொறுப்பில்லை என்று ஒதுங்கி நிற்பது எனக்குச் சம்மதமில்லை.

எண்ணை வெளியிட்டால் திருடர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துவர் என்று ஓர் ஆட்சேபம் எழுப்பப்படுகிறது. 1960-களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் கார்களின் எண்ணை முன்கண்ணாடி வழியே தெருவில் போகிறவரும் படிக்கும்படியாகவே வைத்திருக்கிறார்கள். தெருவில் பகிரங்கமாக நிற்கும் எண்ணை விளம்பரத்தில் மட்டும் ரகசியமாக்குவது, மறைக்க ஏதோ உள்ளவருக்கே உதவும். கடைசி நான்கு இலக்கங்களை மூடி மற்றவற்றைக் காட்டினாலும் நான் மேலே சொன்ன சோதனைகள் பெரும்பாலும் நடந்துவிடும்.

ஆகையால் தளங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட காரை விற்பவர், இரும்பில் பொறித்த எண்ணின் படம், என்ஜின் தெரியும் படம், பதிவுப் பத்திரத்தில் வண்டியின் பெயர் எழுதியிருக்கும் பகுதியின் படம் ஆகிய மூன்றையும் இணைக்காதவரை விளம்பரம் வெளியாகக் கூடாது, அசலா பிரதியா என்ற கேள்விக்கு விடையளிக்கத் தனி இடம் இருக்க வேண்டும், ‘தெரியாது’ என்பதும் அங்கே நேர்மையான விடையாக ஏற்கப்பட வேண்டும். அந்த ஏற்பாடு வரும் வரை, வாங்குபவர் முன்பணம் அனுப்புவதற்கு முன்பாக இம்மூன்று படங்களையும் தாமே கேட்டுப் பெறட்டும். கைப்பேசியும் சற்று வெளிச்சமும் இருந்தால் விற்பவர் அரைமணி நேரத்தில் அவற்றை எடுத்து அனுப்பிவிடலாம்.