மலையில்லாக் கரையில் மலைச் சைக்கிள்

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திலே மலை என்று பெயர் கொண்ட இடம் குதிரைமலை. அதுவும் கடலை நோக்கி நிற்கும் செம்மண் மேடேயன்றி மலையன்று. அல்லியரசாணி அரசு செலுத்திய இடம் அதுவெனக் கர்ணபரம்பரைக் கதை கூறும். வில்பத்துத் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அமைந்திருப்பதால் அங்கே சைக்கிளிற் செல்லவும் வழியில்லை. ஏனைய இடமெல்லாம் மணல், களப்பு, உப்பளம், தென்னந்தோப்பு ஆகியனவே. நிலைமை இவ்வாறிருக்க, எங்கள் மாணவரிற் பலர் இக்காலத்தில் விரும்பிக் கேட்பதோ "மவுண்டன் பைக்" எனப்படும் மலைச் சைக்கிள்! மலையில்லாத ஊரில் மலைச் சைக்கிள் எதற்கு என்று பெற்றோர் வினவுகின்றனர். நியாயமான வினாத்தான். அதற்கு நியாயமான விடையும் உண்டு.

இந்த வண்டி பிறந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் என்னும் பிரிவில், 1970களில் வாலிபர் சிலர் தடித்த ரயர் பூட்டிய பழைய சைக்கிள்களை மலைக்கு ஏற்றிச் சென்று, கரடுமுரடான மண்பாதை வழியே பாய்ந்து இறங்கி விளையாடினர். 1976ஆம் ஆண்டில் அங்கே ஓர் இறக்கத்தில் பந்தயம் தொடங்கினர். அந்த இறக்கத்துக்கு "ரீபாக்" என்று பெயர். காரணம் வேடிக்கையானது. ஒரு முறை இறங்கியதும் பின் சில்லின் பிறேக் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடும். மறுபடியும் கிரீஸ் இட்டு நிரப்பினாலன்றி அடுத்த முறை இறங்க முடியாது. மீண்டும் நிரப்புதல் என்பதே அச்சொல்லின் பொருள். 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் இதற்கெனவே புதிதாய் ஒரு வண்டியைக் கட்டினார். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் "ஸ்டம்ப்ஜம்பர்" பெருந்தொகையில் உற்பத்தியாகிக் கடைக்கு வந்தது. 1996இல் அத்லாந்தா ஒலிம்பிக் விழாவில் மலைச் சைக்கிள் ஓட்டமும் ஒரு போட்டியாயிற்று.

ஆகவே, மலைச் சைக்கிளின் முதற் பாடமே பராமரிப்புத்தான். ஓடுவதற்கு முன் திருத்து. ஓடிய பின்னும் திருத்து. நம் வாலிபர் வண்டியை வாங்கினார்களேயன்றி இந்தப் பாடத்தை வாங்கவில்லை.

தடித்த ரயர் மலைக்கு மாத்திரம் உரியதன்று. மணலுக்கும் அதுவே உகந்தது. மெல்லிய ரயர் மணலைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு புதையும். அகன்ற ரயரோ பாரத்தைப் பரப்பி மேலே மிதந்து செல்லும். எனவே கற்பிட்டித் தீபகற்பத்து மணற்பாதைக்கும், ஒல்லாந்தர் கால்வாயின் கரைக்கும், தோட்டத்து ஒழுங்கைக்கும் இவ்வண்டி பொருத்தமானதே. ஆனால் மலைநாட்டில் இவ்வண்டிக்குப் பகை கல்லும் சரிவும். இங்கே பகை உப்பும் மணலும். பகைவன் யார் என்று அறியாமல் படைக்கலம் வாங்குகிறவன் பணத்தை இழப்பான்.

உப்பு செய்யும் வேலையைப் பாருங்கள். கடற்காற்றிலே நுண்ணிய உப்புத்துளி எப்போதும் கலந்திருக்கிறது. அது இரும்பின்மேற் படிந்தால், காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். வண்டி நனையாதிருந்தாலும் இரவு முழுவதும் நனைந்ததற்கு ஒப்பாகும். உப்புநீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் துருப்பிடித்தல் விரைவாகிறது. இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடுமிடத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகும். இருக்கைத் தண்டு சட்டத்தினுள் இறுகி, பிறகு எவராலும் கழற்ற முடியாமற் போவது இதனாலேதான். மணலின் வேலை வேறு. எண்ணெயோடு கலந்து அரைக்கும் பசையாகிச் செயினையும் பற்சக்கரத்தையும் தேய்த்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த மாணவன் ஒருவன். தந்தை இல்லாத பிள்ளை. மேல்வகுப்புப் படிப்புக்குத் தினமும் பத்துக் கிலோமீற்றர் போக வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் கிடையாமல் நாடு திண்டாடிய காலம், சைக்கிளுக்கோ கிராக்கி. தாய் தன் காப்பை அடகு வைத்து, முன்னும் பின்னும் அதிர்வுதாங்கியும் இருபத்தொரு கியரும் பூட்டிய வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். பையன் காலையில் பள்ளிக்கும் மாலையிற் கடற்கரை ஈரமணலுக்கும் அதில் ஓடினான். இரவிற் சுவரோடு சாத்தி வைத்தான். துணி கொண்டு துடைத்தவனல்லன். எட்டு மாதத்திற் செயின் விறைத்தது, கியர் நகரவில்லை. ஒரு நாள் பெருவீதியில் லொறி ஒன்று எதிர்ப்பட, பிறேக்கை அழுத்தியதும் துருவேறிய கம்பி அறுந்தது. வீதியோர மணலிற் பாய்ந்து விழுந்தமையால் முழங்காற் சிராய்ப்போடு தப்பினான். வண்டியைத் திருத்தக் கேட்ட தொகை அதன் பாதி விலை. காப்பு இன்னும் அடகிலிருக்க, சைக்கிள் பழைய இரும்புக்காரனிடம் போயிற்று.

அதே ஊரில், அதே காற்றில், மீன் விற்பவர்களின் பழைய சைக்கிள்கள் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கரியரிற் கனத்த பெட்டி; உள்ளே ஐசும் மீனும். அவை உழைப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, செயினை முழுவதும் மூடிய தகட்டு உறை. மற்றது, வியாபாரம் முடிந்து வீடு சேர்ந்ததும் மீன்வாடை போகும்படி பெட்டியையும் வண்டியையும் கிணற்று நீராற் கழுவிவிடும் பழக்கம். வாடையைப் போக்கக் கழுவுகிறார்கள். உப்பும் உடன் போகிறது.

நாம் செய்ய வேண்டியது இதுவே. ஓடி வந்த ஒவ்வொரு நாளும் கால்மணி நேரம் போதும். முதலில் நீரை நாவில் வைத்துப் பாருங்கள். நம் கரையோரக் கிணறுகளிற் பல உவர்ப்பானவை; உவர்நீராற் கழுவுவது உப்பை உப்பாற் கழுவுவதாகும். நன்னீர் ஒரு வாளி இருந்தால் மேலிருந்து மெதுவாக ஊற்றி, பழைய பல்துலக்கும் தூரிகையாற் செயினைத் தேய்த்துவிடலாம். குழாய் நீரை வேகமாகப் பீச்சியடித்தலாகாது. அது சில்லின் நடுவிலும் பெடல் அச்சிலும் உள்ள கிரீசைத் துரத்திவிட்டு மணலை உள்ளே குடியேற்றும். பிறகு துணியால் ஒற்றி, நிழலில் உலர விடுங்கள். செயின் உலர்ந்த பின் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒவ்வொரு துளி சைக்கிள் எண்ணெய். பெடலைப் பத்துத் தடவை பின்னோக்கிச் சுழற்றி, வெளியில் தெரியும் எண்ணெயை முற்றாகத் துடைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணெய் உழைக்கும். வெளியே இருக்கும் எண்ணெய் மணலை அழைக்கும்.

தெங்கு செழித்த நாடாகையால் வீட்டிலுள்ள தேங்காயெண்ணெயை இடுவோர் உண்டு. அது நாளடைவிற் பசையாகும், வேண்டாம். மோட்டார் வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயும் வேண்டாம். அதில் இரும்புத்தூள் கலந்திருக்கும். தட்டுப் பிறேக் உள்ள வண்டியாயின், அந்தத் தட்டில் எண்ணெய் ஒரு துளியும் படலாகாது. பட்டால் பிறேக் வழுக்கும்.

வாரத்திற்கு ஒரு முறை பிறேக் கம்பியின் இரு முனைகளையும் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்றிவிட வேண்டும். அது மலிவான பொருள், உயிர் மலிவானதன்று. மூன்று மாதத்திற்கு ஒரு முறை இருக்கைத் தண்டை வெளியே இழுத்துக் கிரீஸ் பூசிச் செருகுங்கள். சில்லின் நடுவிலுள்ள போல்சைத் திறந்து கழுவிப் புதுக் கிரீஸ் இடச் செய்யுங்கள். செயினின் தேய்வை அறிய மாணவரின் அடிமட்டமே போதும். செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைத்தூரம் அரை அங்குலம். ஆகவே ஓர் ஆணியிலிருந்து எண்ணி இருபத்துநான்காவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றும் காலம். எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் பற்சக்கரமும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். முதலிற் கவனித்தவனுக்கு ஒரு செலவு, பிந்தியவனுக்கு இரண்டு.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விளம்பரத்தில் மின்னும் அதிர்வுதாங்கி நமக்குத் தேவையில்லை. மலிவான அதிர்வுதாங்கி பாரம் மிகுந்தது. மணலும் உப்பும் புகுந்தால் சீக்கிரம் இறுகிவிடும். அதற்குரிய பணத்தை நல்ல ரயரிலும் பிறேக்கிலும் செலவிடுங்கள். இரண்டேகால் அங்குல அகலமுள்ள ரயரே போதிய அதிர்வைத் தாங்கும். சமதரையில் இருபத்தொரு கியர் வீண். ஏழு போதும், ஒன்றும் போதும். பிறேக் எண்ணெயால் இயங்குவதைவிடக் கம்பியால் இயங்குவதே நல்லது. எந்தச் சிற்றூரிலும் திருத்தலாம். சில்லு 26 அங்குலமாயின் ரயரும் ரியூபும் எளிதிற் கிடைக்கும். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு நல்லது. எந்தக் கடையிலும் காற்று நிரப்பலாம். மட்காப்பு இல்லாத வண்டி பார்வைக்கு அழகு. ஆயினும் மட்காப்பு பூட்டுவதே அறிவுடைமை. தலைக்கவசம் கட்டாயம் வேண்டும்.

காற்றின் அளவிலும் சூட்சுமம் உண்டு. தார்வீதியில் சதுர அங்குலத்திற்கு 35 முதல் 40 இறாத்தல் இருக்கலாம். மணலில் இறங்குமுன் 20, 25 இறாத்தலளவுக்குக் குறைத்தால், புதையாமல் ஓடும். மீண்டும் தார்வீதி ஏறும்போது நிரப்பிக்கொள்ள வேண்டும். இல்லையேற் கல்லில் மோதி ரியூப் நசுங்கும். ஆதலால் கைப்பம்பு ஒன்று கூடவே இருத்தல் வேண்டும். முட்காடு மலிந்த பகுதியாகையால் ஒட்டுப் போடும் சாமானும் உபரி ரியூபும் இன்றிப் புறப்படலாகாது.

பிரயாணத்தை வகுக்கும்போது காற்றின் திசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதம் தொடக்கம் சோளகம் வீசும் மாதங்களில், பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிறவனைக் காற்று முதுகிலே தள்ளிக்கொண்டு போகும். ஏறக்குறைய 40 கிலோமீற்றர் போனதே தெரியாது. திரும்பும்போது பகல் வெயிலில், பலத்த எதிர்க்காற்றில், தென் திசை நோக்கி மிதிக்க வேண்டும். இதில் களைத்து வீழ்ந்தவர் உண்டு. ஆகவே அக்காலத்திற் கற்பிட்டியில் தங்கி, விடியலில் தெற்கே தலவில், நுரைச்சோலைப் பக்கம் வந்து, காற்றோடு திரும்புவதே உத்தமம். மாலையில் 1667ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டையை வெளியிலிருந்தாவது பார்க்கலாம். தெற்கே செல்ல விரும்புவோர் முன்னேஸ்வரத்தில் வணங்கிப் புறப்பட்டு, சிலாபத்தைக் கடந்து, கடலுக்கும் களப்புக்கும் இடையிலுள்ள உடப்புக்குப் போகலாம். திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் பெயர் பெற்ற ஊர் அது. எலுவன்குளம், வண்ணாத்திவில்லுப் பக்கம் போகிறவர்கள் யானை நடமாடும் நிலம் என்பதை மறவாமல், பொழுது சாயுமுன் திரும்பிவிடல் வேண்டும்.

வழியில் இன்னொன்றையும் கவனியுங்கள். கரைவலை இழுக்கும் நேரத்திற் கடற்கரைக்குக் குறுக்கே கயிறு விறைத்து நிற்கும். தூரத்தே தெரியாது, கழுத்தளவில் வந்தால் உயிருக்கு ஆபத்து. வலைகாரரைக் கண்டதும் இறங்கி நடந்து செல்லுங்கள். உப்பள வரம்பிலும் இறால் பண்ணை அணையிலும் வண்டியை ஏற்றாதீர்கள். அவை பிறருடைய உழைப்பு. கருவாடு காயும் இடத்திற் புழுதி கிளப்புவதும் தகாது.

பெற்றோருக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். பிள்ளை மலைச் சைக்கிள் கேட்டால் உடனே மறுக்க வேண்டாம். வீட்டிலுள்ள பழைய சைக்கிளை ஒரு மாதம் கழுவித் துடைத்து எண்ணெயிட்டு வைத்திருக்கச் சொல்லுங்கள். பழைய சைக்கிள் இல்லையேல் அயலவருடையதைக் கேட்டு வாங்கிச் செய்யலாம். அந்த ஒரு மாதம் தவறாமற் செய்தானாயின் துணிந்து வாங்கிக் கொடுங்கள். வாங்கும் நாளிலேயே எண்ணெய்க் குப்பி, தூரிகை, கைப்பம்பு ஆகியவற்றையும் சேர்த்து வாங்குங்கள். அவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. அவை இல்லாமையால் வரும் செலவு பெரிது.