சனிக்கிழமை ஆட்டம்தான் ஆட்டம்!

போன சுவர் இதழில் பத்தாம் வகுப்பு நண்பர் ஒருவர், "நாக் அவுட் போட்டிக்கு ஈடு இணை கிடையாது, ஒரே ஆட்டம், ஒரே முடிவு" என்று எழுதியிருந்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்ல உங்களைக் கொஞ்சம் குளிரான ஊருக்கு அழைத்துப் போகிறேன். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்!

அப்பாவின் வேலை காரணமாக எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் நான் படித்தது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலம் டுலூத் என்ற ஊரில். சுப்பீரியர் ஏரிக்கரை ஊர். அங்கே குளிர்காலத்தில் யாரும் கிரிக்கெட் பேசமாட்டார்கள் (வெயில் காலத்திலும்தான், அது வேறு விஷயம்). ஊரே பேசுவது மினசோட்டா டுலூத் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றித்தான். புல்டாக்ஸ் என்று பெயர். ஆண்கள் அணி 2011, 2018, 2019 என்று மூன்று முறை தேசிய சாம்பியன். பெண்கள் அணி ஐந்து முறை! 2001-இல் முதன்முதலாக நடந்த கல்லூரிப் பெண்கள் தேசியப் போட்டியை ஜெயித்ததே இவர்கள்தான். (பையன்கள் கவனிக்கவும்.)

காலேஜ் பசங்க விளையாட்டுதானே என்று சாதாரணமாக நினைக்காதீர்கள். 1980 ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனை 4-3 என்று அமெரிக்கா ஜெயித்ததே, அந்த அணியில் பெரும்பாலோர் கல்லூரி அணிகளில் ஆடி வந்த இளைஞர்கள். பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸும் அதற்கு முன் மினசோட்டா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்தான்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. பந்துக்குப் பதில் 3 அங்குல அகலத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. ஐஸ் மேல் துள்ளக்கூடாது என்று அதை முன்கூட்டியே உறைய வைத்துக் கொண்டுவருவார்கள். முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் ஓடியதும் மூச்சு வாங்கிவிடும். ஆட்டம் நடக்கும்போதே வேலி தாண்டி ஆள் மாறுவார்கள். தப்பாட்டம் ஆடினால் 2 நிமிடம் தனிப் பெட்டியில் உட்கார வேண்டும், நம்மை வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிற மாதிரி. அந்த நேரத்தில் எதிரணிக்கு ஒரு ஆள் அதிகம். அதற்குப் பேர்தான் அங்கே பவர் பிளே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் லீகில் வெளியூர் அணி வெள்ளிக்கிழமை ராத்திரி ஆடிவிட்டு ஊருக்குத் திரும்பாது. ஓட்டலில் தங்கும். சனிக்கிழமை அதே அரங்கம், அதே ஐஸ், அதே இரண்டு அணிகள் மறுபடியும் மோதும்! முதல் வாரம் அம்மா கேட்டார்: "நேத்து பார்த்த அதே ரெண்டு டீம்தானேடி? மறுபடி எதுக்குக் காசைக் கொட்டணும்?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் எனக்குக் கிடைக்கக் கொஞ்ச நாள் ஆனது.

ஒரு வார இறுதி நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளி இரவு நம்மாட்கள் மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். சும்மா தோற்கவில்லை, அடி வாங்கினார்கள். தங்கள் கோலுக்குப் பின்னாலிருந்து வட்டைப் பலகை ஓரமாகவே தள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்த்தார்கள். வந்தவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓரத்துக்கு இரண்டு பேரை அனுப்பி மடக்கி மடக்கிப் பிடுங்கினார்கள். கோல் கீப்பர் பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு கோல் அவன் தப்பு, மீதி அவனைத் தனியாக விட்டவர்கள் தப்பு. எங்கள் பக்கத்து சீட்டில் எப்போதும் உட்காரும் வெள்ளைக்காரத் தாத்தா மட்டும் பதறவே இல்லை. "இன்றைக்கு நடந்தது கேள்வித்தாள். நாளைக்கு வந்து விடைத்தாளைப் பாரம்மா" என்றார்.

சனிக்கிழமை போனோம் (அம்மாவும் வந்தார்!). அதே கோல் கீப்பரைத்தான் இறக்கினார்கள். ஒலிபெருக்கியில் அவன் பெயர் வந்ததும் அரங்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முந்தின நாள் நாலு கோல் விட்டவனுக்கு! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆட்டம் தொடங்கியதும் பார்த்தால், ஓரமாக வருவதை விட்டுவிட்டார்கள். நடுவில் சின்னச் சின்னப் பாஸ். மடக்க ஓரத்துக்கு வந்த இரண்டு பேரும் ஆளில்லாத இடத்தில் நின்றார்கள். ஒரே ராத்திரியில் எப்படி மாற்றினார்கள் என்று வாயைப் பிளந்தேன். ஆனால் எதிரணி மட்டும் தூங்கியா இருக்கும்? மூன்றாவது பகுதியில் அவர்களும் மாற்றினார்கள், 2-2 ஆக்கினார்கள். கூடுதல் நேரம் 5 நிமிடம், பக்கத்துக்கு மூன்று பேரும் கோல் கீப்பரும் மட்டும். அதில் நம்மாட்கள் தோற்றுப்போனார்கள்.

ஆமாம், தோற்றார்கள்! இரண்டாவது வாய்ப்பு கிடைத்தால் ஜெயித்துவிடலாம் என்று நான் சொல்லவே இல்லையே. கூடுதல் நேரத்தில் தோற்றதற்கு லீகில் 1 புள்ளி உண்டு, அது மட்டும் கிடைத்தது. ஆனால் வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தால் "இவங்க சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அந்தப் பையனும் நாலு கோல் விட்டவனாகவே நின்றிருப்பான். ஒரு நாள் ஆட்டத்தில் யார் பலசாலி என்று தெரியும். தோற்றவன் ராத்திரி என்ன யோசித்தான் என்று மறுநாள்தான் தெரியும். எனக்கு அதுதான் பார்க்கப் பிடிக்கிறது.

அந்த 1 புள்ளி என்ன பெரிசு என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2018-இல் 16 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு, தரவரிசையால் இடம் பிடித்தவர்களில் கடைசியாக நுழைந்தது டுலூத். வெளியே நின்ற மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் 0.0001 தான்! வருடம் முழுக்க ஆடிய ஏதோ ஒரு சனிக்கிழமை ஆட்டம் மாறியிருந்தால்கூட இடம் போயிருக்கும். அந்த வருடக் கோப்பை? டுலூத்துக்கு.

அந்தத் தேசியப் போட்டி நாக் அவுட்தானே என்று மடக்குவீர்கள். உண்மைதான். 2021-இல் அதே போட்டியில் டுலூத்தும் வடக்கு டகோட்டாவும் ஐந்து கூடுதல் நேரம், மொத்தம் 142 நிமிடம் 13 வினாடி ஆடினார்கள். டுலூத் 3-2 என்று ஜெயித்தது. அந்த மாதிரி ஆட்டம் நாக் அவுட்டில்தான் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்குள் அவர்களுக்கு எத்தனை சனிக்கிழமை கிடைத்தது என்று பாருங்கள். நமக்கு?

நம் பள்ளி வகுப்புப் போட்டியில் முதல் நாள் முதல் ஆட்டமே கடைசி ஆட்டம். போன வருடம் ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவுப் பிள்ளைகள் இரண்டு மாதம் விடியற்காலையில் வந்து கபடி பழகினார்கள். அரை மணி நேரத்தில் வெளியே. நேரமில்லை, மைதானம் போதாது என்பார்கள். எட்டு அணிகளுக்கு இப்போது 7 ஆட்டம். முதல் சுற்றை மட்டும் அடுத்தடுத்த இரண்டு நாள் ஆடவைத்து, இரண்டு நாள் புள்ளியையும் கூட்டிப் பார்த்தால் 11 ஆட்டம். நாலே ஆட்டம்தான் கூடுதல்! அதற்கு இரண்டு மாலை போதாதா?

- பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

பி.கு.: பி.டி. சாரிடம் இதைக் கேட்கப் போகிறோம். சம்மதிப்பவர்கள் கீழே உள்ள காலி இடத்தில் பெயரும் வகுப்பும் எழுதவும். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதவும். மறுப்பவர்கள் அடுத்த இதழில் எழுதவும்!