வாயிலில் நிற்கும் மின்சாரம்

புயல் ஓய்ந்த மறுநாள் இரவை நேயர்கள் சற்றே நினைவிற் கொணர்வார்களாக. காற்று அடங்கிற்று, மழையும் விட்டது, இருள்மட்டும் விலகவில்லை. 2018 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16 ஆம் நாள் கஜாப் புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தபொழுது நம்மிற் பலர் பள்ளிச் சிறுவராயிருந்தோம். ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கிணற்று நீரை இறைத்தற்கும், கைப்பேசிக்கு மின்னேற்றுதற்கும் ஜெனரேட்டர்க்காரரிடம் காசு கொடுத்து வரிசையில் நின்றதை அப்பகுதியினின்று இக்கல்லூரிக்கு வந்துள்ள நாம் இன்னும் மறந்தோமில்லை. மின்சாரத்தால் ஓடும் கார் ஒன்றைத் தெருவிற் காணுந்தோறும் அவ்வரிசையே நம் நினைவுக்கு வருகின்றது.

இப்பொருளை ஆராய்வார் ஜப்பான் நாட்டை நோக்குதல் முறை. 2011 ஆம் ஆண்டு மார்ச்சு 11 ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் அந்நாட்டின் வடகீழ்ப் பகுதி பாழ்பட்டது. பெட்ரோல் கிடைத்தற்கரிதாயிற்று. மின்சாரமோ பல இடங்களில் அதனினும் விரைவாக மீண்டது. ஆதலின் மின்கார்கள் அங்கே அனுப்பப்பெற்றுத் துணைபுரிந்தன. ஆயினும், அவற்றின் மின்கலத்துள் நிறைந்திருந்த ஆற்றல் சக்கரத்தைச் சுழற்றிற்றேயன்றி, அருகே இருண்டு கிடந்த வீட்டில் ஒரு விளக்கையும் ஏற்றவில்லை. உள்ளே புக வழியிருந்தது, வெளிவர வழியில்லை. இக்குறையை உணர்ந்த நிசான் கம்பெனியார் 2012 ஆம் ஆண்டில், தம் ‘லீஃப்’ வண்டியினின்று வீட்டுக்கு மின்சாரம் செலுத்தும் கருவியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அவ்வண்டியின் மின்கலம் 24 யூனிட் கொள்வது. கருவி ஒரே நேரத்தில் 6 கிலோவாட் வரை தருவது. ஜப்பானியக் குடும்பமொன்றுக்கு அஃது ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குப் போதுமென்பது அவர்தம் கணக்கு.

நம் வீட்டுக் கணக்கு வேறு. 10 வாட் விளக்கு நான்கும் 75 வாட் மின்விசிறி இரண்டும் இரவும் பகலும் ஓயாது இயங்கினும் ஒரு நாட் செலவு ஐந்து யூனிட்டுக்குள் அடங்கும். அங்ஙனமாயின் அச்சிறு வண்டி ஐந்து நாள் தாங்கும். இன்று பல வீடுகளில் இன்வெர்ட்டருக்கென வைத்திருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி கொள்வது ஏறக்குறைய 1.8 யூனிட்டே. அத்தகைய பதின்மூன்று பாட்டரிகள் சக்கரம் பூட்டி வாயிலில் நிற்கின்றன எனலாம். வண்டியோ ஒரு நாளின் பெரும்பொழுதைச் சும்மா நின்றே கழிக்கின்றது. இத்துணைப் பெரிய சேமிப்பைப் பூட்டி வைத்துவிட்டு இருளில் அமர்ந்திருத்தல் அறிவுடைமையாகுமோ?

இதனை எதிர்ப்பார் கூறுவன சில உள. மின்கலம் விரைவிற் தேயும் என்பர். வண்டி விரைந்தோடும்பொழுது பல கிலோவாட்டை ஒருங்கே உறிஞ்சுகின்றது. வீட்டு விளக்கும் விசிறியும் உறிஞ்சுவது அதனிற் சிறு கூறே. ஆண்டிற் சில நாள் இங்ஙனம் ஈவதால் விளையுந் தேய்வு பெரிதன்று. மின்சாரம் முழுதுந் தீர்ந்தபின் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது எங்ஙனம் என்பர். இது நியாயமான கேள்வி. ஓர் அளவுக்குக் கீழே இறங்காதபடி முன்னரே வரையறுத்தல் வேண்டும்.

இவ்விரண்டினும் கொடியது ஒன்றுண்டு. அதனைப் பலர் எண்ணுவதில்லை. வண்டியின் மின்சாரம் வீட்டோடு நில்லாமல் தெருக்கம்பிக்குள் திரும்பிப் பாயுமாயின், மின்மாற்றி அதனைப் பன்மடங்கு உயர்ந்த வோல்ட்டாக மாற்றிவிடும். மின்சாரம் நின்றுவிட்டதென நம்பிக் கம்பத்தின்மேல் ஏறிய தொழிலாளி உயிரிழப்பான். நம் வீட்டு விளக்குக்காகப் பிறர் வீட்டு விளக்கு அணைதல் தகாது. ஆகவே, வீட்டைப் பொதுக் கம்பியினின்று முற்றும் பிரிக்கும் மாற்றுச் சுவிட்சின்றி எவரும் இதனை முயலலாகாது. கைக்குக் கிடைத்த ஒயரைச் சுவர்த் துளையிற் செருகும் வீரம் நமக்கு வேண்டா.

இனி, நாம் அழுத்திக் கூற விரும்புவது பிறிதொன்று. மின்கார் வாங்குவோர் பெரும்பாலும் வசதியுடையார். அவர்க்கு ஜெனரேட்டரும் உண்டு. இப்புதுமை அவர்தம் குளிர்ப்பெட்டியைக் காப்பதோடு நின்றால் ஊருக்கு யாது பயன்? 2019 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜப்பானின் சிபாப் பகுதியைப் புயல் தாக்கியது. கிமிட்சுவில் இரு பெருங்கோபுரங்கள் சாய்ந்தன. ஏறத்தாழ ஒன்பது இலக்கம் வீடுகள் இருண்டன. அப்பொழுது நிசான் கம்பெனியார் லீஃப் வண்டிகளை மக்கள் தங்கியிருந்த புகலிடங்களுக்கு அனுப்பினர். கைப்பேசிகள் உயிர்பெற்றன, விசிறிகள் சுழன்றன. காசுக்கு வரிசையில் நின்ற நமக்கு இச்செய்தி எத்துணை இனிது!

நம் நாட்டில் விற்கப்படும் மின்கார்களுட் சில, வெளியே மின்சாரம் தரும் வசதியை இப்பொழுதே உடையன. பல அஃதின்றி விற்கப்படுகின்றன. கார் வாங்குவார் விருப்பத்துக்கு இதனை விடாமல், எல்லா மின்வண்டிகளுக்கும் ஒரே வகையான வெளிவழி வேண்டுமென அரசினர் சட்டம் செய்தல் நன்று. சென்னையில் 2025 ஆம் ஆண்டு ஜூன் இறுதியினின்று மின்பேருந்துகளும் ஓடத் தொடங்கின. பேருந்தின் மின்கலம் காரின் மின்கலத்தினும் பன்மடங்கு பெரிது. அது பொதுமக்கள் பணத்தால் ஓடுவது. புயலன்று ஓட்டமின்றிப் பணிமனையில் நிற்பதும் அதுவே. இனி வாங்கும் பேருந்துகளுக்கு அவ்வெளிவழி உண்டா எனக் கேட்டு வாங்குக. கடலோரப் பள்ளிகளின் சுவரில் அதற்கேற்ற இணைப்பையும் மாற்றுச் சுவிட்சையும் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னரே அமைத்து வைக்குக.