காற்றாலைகளுக்கு இடம் எது? முன்கூட்டியே விடை காண வேண்டிய கேள்வி

புதுதில்லி: காற்றாலை மின்சாரம் புகையற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதற்கான கோபுரங்களும் மின்கம்பிகளும் எந்த நிலத்தில் அமைகின்றன என்பது மேற்கு ராஜஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் தொடர்ந்து சர்ச்சைக்குள்ளாகி வருகிறது.

நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் 2025 மார்ச் மாத இறுதியில் 50 ஜிகாவாட்டைக் கடந்தது. 2030-ஆம் ஆண்டுக்குள் புதைபடிவ எரிபொருள் சாராத மின் நிறுவுதிறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்துவது மத்திய அரசின் இலக்கு. காற்றும் வெயிலும் ஒருங்கே மிகுந்த ஜெய்சல்மேர், கட்ச் மாவட்டங்கள் இதில் முக்கிய இடம் பெறுகின்றன.

ஆனால், அருகிவரும் கானமயிலின் எஞ்சிய முக்கிய வாழிடமும் இதே நிலப்பரப்புதான். இயற்கைச் சூழலில் சுமார் 150 பறவைகளே மீதமுள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது. கனத்த உடலும் குறுகிய முன்பார்வையும் கொண்ட இப்பறவையால், எதிர்ப்படும் மின்கம்பியைக் கண்டு சட்டென விலக இயலாது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுவதால், ஒவ்வொரு பறவையின் இழப்பும் ஈடுசெய்ய அரிதானது.

இப்பிரச்னையில் உச்சநீதிமன்றம் 2021 ஏப்ரலில், ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உயர்நிலை மின்கம்பிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதை நடைமுறைப்படுத்துவது சாத்தியமல்ல என்று மத்திய அரசு முறையிட்டதையடுத்து, 2024 மார்ச்சில் அந்த உத்தரவு மாற்றியமைக்கப்பட்டு, நிபுணர் குழு அமைக்கப்பட்டது. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்றும் நீதிமன்றம் அப்போது குறிப்பிட்டது. குழுவின் பரிந்துரைகளை 2025 டிசம்பரில் ஏற்ற நீதிமன்றம், முன்னுரிமைப் பகுதிகளை மறுவரையறை செய்து, அவற்றில் புதிய காற்றாலைகளுக்குத் தடை விதித்தது.

மக்களின் கவலை பறவையோடு நின்றுவிடவில்லை. தெய்வத்தின் பெயரால் கிராமத்தினர் காத்துவரும் 'ஓரண்' எனும் காடுகளும் மேய்ச்சல் வெளிகளும் ஜெய்சல்மேரில் கால்நடை வளர்ப்போரின் வாழ்வாதாரமாக உள்ளன. வருவாய் ஆவணங்களில் இவற்றுள் பல 'தரிசு' என்றே பதிவாகியுள்ளதால், மின் திட்டங்களுக்கு எளிதில் ஒதுக்கப்படும் நிலை உள்ளது. இக்காடுகளை அடையாளம் கண்டு வரைபடமாக்குமாறு ராஜஸ்தான் அரசுக்கு உச்சநீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது.

இச்சிக்கல்களுக்குப் பின்னே ஒரு கொள்கை இடைவெளி உள்ளது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி பெற வேண்டிய திட்டங்களின் பட்டியலில் காற்றாலைகள் இடம்பெறவில்லை. வன நிலம் எனில் தனி அனுமதி தேவை. தரிசு எனப் பதிவான நிலத்துக்கு அதுவும் இல்லை. எனவே, மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமல்ல. தொடக்கத்தில் கிராமத்தில் எழ வேண்டிய ஆட்சேபங்கள், முதலீடு செய்யப்பட்ட பின்னர் நீதிமன்றத்தில் எழுகின்றன.

இதனால் இரு தரப்புக்கும் இழப்பே. 2021 உத்தரவுக்குப் பின்னர் நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் நிச்சயமின்மையில் தவித்தன. பறவைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் உரிய காலத்தில் பாதுகாப்பு கிட்டவில்லை.

விதிவிலக்கை முற்றிலும் நீக்கினால் திட்டங்கள் தாமதமாகும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே வாழிடங்களையும் பொது மேய்ச்சல் நிலங்களையும் வரைபடத்தில் குறித்து, அவற்றைத் தவிர்த்து இடம் ஒதுக்குவதற்குத் தடையேதும் இல்லை. நீதிமன்ற உத்தரவால் இரு மாநிலங்களில் நிகழ்வதை, நாடு முழுவதற்குமான நடைமுறையாக்குவது அரசின் கையில் உள்ளது.