கண் சிவந்தா, வீட்ல சிலந்தி இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க

1/ 2021 ஜூலை. போலந்துல இருந்து வந்த ஒரு தபால் பார்சலைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பிரிச்சுப் பார்த்தாங்க. உள்ளே 107 சின்ன பிளாஸ்டிக் குப்பி. ஒவ்வொண்ணுலயும் உயிரோட ஒரு சிலந்தி. போய்ச் சேர வேண்டிய ஊர்: நம்ம விருதுநகர் மாவட்டம், அருப்புக்கோட்டை.

2/ பிராக்கிபெல்மா மாதிரியான டாரண்டுலா வகைகளா இருக்கலாம்னு அதிகாரிகள் சொன்னாங்க. மெக்சிகோ பக்கத்து உயிரினம். அனுமதி இல்லாத இறக்குமதி என்பதால் போலந்துக்கே திருப்பி அனுப்ப முடிவாச்சு. அன்னைக்கு "சிலந்தியைப் போய் யாருப்பா வளர்ப்பா"ன்னு சிரிச்சவங்க நிறைய. ஆனா ஆசையா வளர்க்கிறவங்க இருக்காங்க. இந்த இழை அவங்களுக்கும் அவங்க அப்பா அம்மாவுக்கும்.

3/ குஞ்சுக்குத் தீனி போடுறது கஷ்டமில்லை. இரை அதோட வயிற்றுப் பகுதியைவிடப் பெருசா இருக்கக் கூடாது. தின்னாம விட்டதை மறுநாளே எடுத்துடணும். தோல் உரிக்கும்போது இரை போடவே கூடாது. அப்ப அது அசையாது, உள்ளே விட்ட பூச்சியே அதைக் கடிச்சுக் கொன்னுடும். கொசு மருந்து, கரப்பான் மருந்து அடிக்கிற வீட்ல பிடிச்ச பூச்சியும் வேண்டாம்.

4/ ஒரு டாக்டரா என் பயம் வேற. இந்த வகைச் சிலந்திக்கு வயிற்று மேல நுண்முடி உண்டு. வளர வளர அது கூடும். தீனி போட மூடியைத் திறந்து, குனிஞ்சு பார்க்கும்போது அது மிரண்டா, பின்னங்காலால அந்த முடியைத் தேய்ச்சுக் காத்துல விடும். முள் இருக்கிற முடி. கண்ணைக் கசக்கினா இன்னும் உள்ளே ஏறும்.

5/ 2009, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். 3 வாரமா கண் சிவந்து நீர் வடிய ஒருத்தர் வந்தார். ஆன்டிபயாடிக் கேக்கலை. பெரிதாக்கிப் பார்த்தா கருவிழியில முடி முடியா குத்தியிருக்கு. அப்புறம்தான் அவருக்கே ஞாபகம் வந்தது: தொட்டியைத் துடைக்கும்போது வளர்ப்பு டாரண்டுலா முடியைத் தூவியிருக்கு.

6/ இப்ப நம்ம ஊருக்கு வாங்க. சிவகாசி, சாத்தூர் பக்கம் கண் சிவந்து வந்தா முதல் கேள்வி "பட்டாசு வேலையா? மருந்து பட்டுச்சா?" சிலந்தி இருக்கான்னு யாரும் கேக்க மாட்டோம். கேஸ் ஆகிடும்னு பயந்து பையனும் சொல்ல மாட்டான். சொட்டு மருந்து மாறிக்கிட்டே இருக்கும், முடி உள்ளேயே இருக்கும்.

7/ செய்ய வேண்டியது: கசக்காதீங்க. கையைக் கழுவிட்டு, சுத்தமான தண்ணியில கண்ணை நல்லா அலசுங்க. மெடிக்கல்ல நீங்களா சொட்டு மருந்து வாங்காதீங்க. ஸ்லிட் லேம்ப் இருக்கிற கண் மருத்துவர்கிட்ட போய் "வீட்ல சிலந்தி இருக்கு"ன்னு முதல்லயே சொல்லுங்க. நாங்க கேக்குறது கண்ணைக் காப்பாத்த, கேஸ் போட இல்லை.

8/ என் கருத்து: பார்சல்ல வர்ற சிலந்தி வேண்டாம். சட்டம் ஒரு காரணம். பெண் டாரண்டுலா 20 வருஷத்துக்கு மேலயும் வாழும், பையன் காலேஜ் போனா யார் பார்ப்பா என்பது இன்னொண்ணு. ஆசை இருந்தா வீட்டுச் சுவர்ல தாவுற குட்டிச் சிலந்தியைப் பாருங்க. ஈயைப் பூனை மாதிரி பதுங்கிப் பிடிக்கும். தீனிச் செலவும் கிடையாது.

9/ பெற்றோரே, பையன் மறைச்சு வளர்க்கிறது தெரிஞ்சா முதல்ல திட்டாதீங்க. திட்டுக்குப் பயந்துதான் அவன் கண்வலியையும் மறைப்பான்.