தேர்வைத் தள்ளிப்போடச் சொல்வது யார்?

"இந்த முறை வேண்டாம், அடுத்த முறை எழுதிக்கலாம்." வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துத் திரும்பிய நம் பிள்ளைகளுக்கு இந்த அறிவுரை தாராளமாகக் கிடைக்கிறது. அந்த ஆறு மாதமும் வீட்டில் அடுப்பு எப்படி எரியும், கல்விக்கடன் வட்டியை யார் கட்டுவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எஃப்.எம்.ஜி.இ. தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. 300 கேள்விகள், 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. பட்டியல் சாதி மாணவருக்கும் அதே 150தான், ஒரு மதிப்பெண்கூடச் சலுகை இல்லை. "கோட்டா டாக்டர்" என்று ஏசுகிறவர்கள் இதைப் பேசமாட்டார்கள். 2024 ஜூன் பருவத் தேர்வில் எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார்கள். அப்படியானால் தோல்வி எல்லாச் சாதியிலும்தான் நடக்கிறது. ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளை தோற்றால் "பேப்பர் கஷ்டம்", நம் வீட்டுப் பிள்ளை தோற்றால் "இவங்களுக்கு எதுக்கு டாக்டர் படிப்பு?"

தோழர்களே, நம் மாணவர்களைத் தள்ளிப்போட வைப்பது பெரும்பாலும் பாடம் அல்ல, இந்தப் பேச்சுக்கான பயம். ஒரு மாணவி தோற்றால் சேரியே தோற்றதாக ஆகிவிடும் என்ற சுமையை அவள் தலையில் ஏற்றியது சாதி. "முதல் தடவையிலேயே பாஸ் பண்ணி நம்ம மானத்தைக் காப்பாத்தணும்" என்று நாமும் சேர்ந்து அந்தச் சுமையைக் கூட்டுகிறோம். இதை நிறுத்துவோம்.

கணக்கை நேராகப் போடுவோம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் இல்லை. தேறிய பிறகும் பயிற்சி மருத்துவராக வேலை செய்தால்தான் நிரந்தரப் பதிவு. ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு பருவமும் முதல் சம்பளத்தை ஆறு மாதம் தள்ளுகிறது. மாதிரித் தேர்வுகளில் 140, 145 வருகிறதா? போய் எழுது. 100ஐத் தாண்டவில்லையா? தள்ளிப்போடுவதில் வெட்கமில்லை, ஆனால் அந்த ஆறு மாதத்துக்குப் பணமும் படிப்புத் திட்டமும் கையில் இருக்கட்டும். முடிவை மதிப்பெண் சொல்லட்டும், ஊர்வாய் அல்ல.

அரசு மட்டும் கூச்சமில்லாமல் தள்ளிப்போடுகிறது. நெக்ஸ்ட் தேர்வை மூன்றாண்டுக்குள் கொண்டுவருவோம் என்று 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் எழுதினார்கள். 2023 ஜூலையில் காலவரம்பின்றி ஒத்திவைத்தார்கள். யாராவது அவர்களைத் தகுதியற்றவர்கள் என்றார்களா?

நம் கோரிக்கை எளிது. இந்தத் தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வொரு பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கும் உதவித்தொகையும் விடுதியும் சேர்ந்த இலவசப் பயிற்சியை மாநில அரசு தரவேண்டும். தள்ளிப்போடுவதா எழுதுவதா என்று நிதானமாக யோசிக்கும் வசதி, பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல.

ஜெய்பீம்!