ஒன்றா, இரண்டா?

சித்தூரில் இருக்கும் என் பேரன், மண்ணெண்ணெயில் ஓடும் ரிமோட் ஜெட் விமான மாதிரி செய்கிறான். போன வாரம் திருப்பதிக்கு வந்தவன், "இரண்டு டர்பைன் வைத்தால் ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும் தாத்தா" என்றான்.

1961-இல் பெங்களூரில் முதலில் பறந்த நம் மாருத் போர் விமானத்துக்கு இரண்டு ஆர்ஃபியஸ் எஞ்சின்கள். 1971 போரில் ஒன்று செயலிழந்தும் தளம் திரும்பிய மாருத்கள் உண்டு. ஆனால் அவை இரண்டும் உடற்பகுதிக்குள் ஒட்டியிருந்தன. விமானியும் உள்ளேயே இருந்தார். இவன் வைக்கப் போவதோ இறக்கைக்கு அடியில். ஒன்று நின்றால், தரையில் நிற்பவன் சுதாரிப்பதற்குள் மூக்கு திரும்பிவிடும். பம்பும் இரண்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியும் இரண்டு என்றால் பழுதுக்கும் இரண்டு வாசல். ரயிலில் இரண்டு நீராவி எஞ்சின் பூட்டினால் டிரைவரும் இரண்டு பேர்!

ஒன்றே போதும் என்றேன். மிச்சப் பணத்தில் முதலில் தீயணைப்பான் வாங்கட்டும்.